மூடாத விதை

மலையுச்சியில் சிவப்பாய்ப் பூக்கும் காட்டுப்பூவரசு எனும் ரோடோடென்ட்ரானின் விதையை மண்ணில் புதைத்துப் புதைத்தே மூன்று வருஷத்தைத் தொலைத்திருந்தார் நாற்றங்கால் மேலாளர் தண்டபாணி. ஒன்றுகூட முளைக்கவில்லை. புதிதாய் வேலைக்குச் சேர்ந்த சகாயராணி, தாய்மரத்தடிப் பாசியைப் பெயர்த்து வந்து தட்டில் பரப்பி, தூசிபோன்ற விதையை அதன்மேல் சும்மா தூவிவிட்டாள்.

தண்டபாணி தலையிலடித்துக்கொண்டார். "விதைய மூடணும்னுகூடத் தெரியாதா? காலேஜ்ல என்னத்தம்மா படிச்ச?"

"இது வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்னு படிச்சேன் சார்."

"முளைக்கலேன்னா உங்கம்மாகூடத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிரு."

"போறேன். எழுதியே தர்றேன்."

தினமும் மழைநீரைப் பனிபோல் தெளித்தாள். அவர் ஆள்விட்டு மண் தூவப் பார்த்த அன்று, தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டே மற்ற வேலைகளைப் பார்த்தாள்.

நாற்பதாம் நாள் காலை, தரையிலிருந்த தட்டை எட்டிப் பார்த்துத் தண்டபாணி சிரித்தார். "வெறும் பாசிதானேம்மா இருக்கு?"

சகாயராணி தன் லென்ஸை நீட்டினாள். "முளை ஒவ்வொண்ணும் கடுகுல பாதிதான் சார் இருக்கும். நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது. முட்டி போடுங்க."

களை பறித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்தினார்கள். ஈரத்தரையில் பேண்ட் நனைய அவர் முட்டி போட்டார். எழுந்திருக்க வெகுநேரமானது.