பின்னால் போகாத ஒரு மணி

கப்பல் டோவரை நெருங்குகிறது. மூடுபனியில் வெள்ளைப் பாறைகள் பாலாடை போல மிதக்கின்றன. பிரான்சில் மகள் வீட்டிலிருந்து திரும்பும் ட்ரெவர், இங்கிலாந்து நேரத்துக்கு மாற்றக் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள அதன் திருகைப் பிடித்திருக்கிறார். "ஐரோப்பா போனது போதும். நம்ம ஊரு வந்தாச்சு." மனைவி மேவிஸ் தேநீரை ஊதுகிறாள். "நம்ம ஊரு எங்க இருக்காம், ஆப்பிரிக்காவுலயா?" "நாம தீவுக்காரங்கடி." "சரிங்க தீவுக்காரரே, பிரான்சுலயே வந்து இருங்கன்னு மக கேட்டாளே, என்ன சொல்லப் போறீங்க?" விலை படியாத சரக்கைப் பார்ப்பது போல அவர் பாறைகளைப் பார்க்கிறார். பிறகு கடிகாரத்தை. "மணி அஞ்சு. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பா." கரையில் மணி இப்போது நான்குதான். அவர் திருகை விட்டுவிட்டு, சட்டைக் கையைக் கடிகாரத்தின்மேல் மெல்ல இழுத்துவிடுகிறார்.