ஒரு மைல் சத்தம்

“டீசல் இஞ்சினா? நம்ம ஜீப்புக்கா?”

டிரைவர் துரைக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மதுவிலக்குப் போலீஸ் ஜீப்பின் பெட்ரோல் இஞ்சின் மண்டையைப் போட்டுவிட்டது. மெட்ராஸிலிருந்து இன்னொரு பெட்ரோல் இஞ்சின் வரும்வரை காத்திருப்பதா, திண்டிவனத்தில் ராஜாமணி பட்டறையில் கிடக்கும் டீசல் இஞ்சினைப் பொருத்துவதா? முடிவை எஸ்.ஐ. வேங்கடேசனிடமே விட்டிருந்தார்கள். ஏட்டு கிருஷ்ணசாமியையும் துரைக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு அவர் பட்டறைக்கு வந்திருந்தார்.

“டீசல்ல என்ன நல்லது?”

“மணல்லயும் சேத்துலயும் சும்மா இழுக்கும் சார். செலவும் கம்மி” என்றார் மெக்கானிக் ராஜாமணி.

“கெட்டது?”

“வேகம் வராது. முன்பக்கம் கனமாயிடும். அப்புறம் சத்தம் சார். மல்லாட்டைக் கொல்லையில தண்ணி இறைக்கிற ஆயில் இஞ்சின் ஓடுற மாதிரி தடதடன்னு அடிக்கும்.”

“எவ்வளவு தூரம் கேக்கும்?”

“ஒரு மைலுக்குக் கேக்கும் சார்.”

எஸ்.ஐ. கொஞ்சம் யோசித்தார். “அப்ப டீசலே போட்டுடுங்க.”

துரைக்கண்ணு வாயைப் பிளந்தான். சாராயம் பிடிக்கப் போகிற ஜீப்புக்கு ஒரு மைல் சத்தமா? இதற்குப் பேசாமல் மேளக்காரர்களை முன்னால் நடக்கவிட்டுப் போகலாமே!

டீக்கடைக்குப் போனதும் ஏட்டு அவன் காதைக் கடித்தார். “இதுகூடப் புரியலியாடா உனக்கு? மாமூல்! சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடிடணும், அதுக்குத்தான்.”

“சேச்சே, நம்ம சாரா? அவரு அப்படிப்பட்டவரு இல்லீங்க ஏட்டய்யா.”

“பாத்துக்கினே இரு.”

பார்த்தான். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

கண்டமங்கலம் பக்கம் எல்லையோர ஊர்கள். அந்தாண்டை பாண்டியிலிருந்து லாரி டியூப்களில் சாராயம் வரும். பழைய ஜீப் பூனை மாதிரிப் போய் நிற்கும். போகும்போதெல்லாம் யாராவது மாட்டுவார்கள். பெரும்பாலும் இடுப்பில் பிள்ளையும் கையில் பானையுமாகப் பொம்பளைகள்தான். பாஞ்சாலி என்கிற ஒருத்தி ஜெயிலுக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். பாவம்தான், ஆனால் சட்டம் சட்டம்தானே என்று துரைக்கண்ணு மனசைத் தேற்றிக்கொண்டான்.

இப்போதோ ஜீப் ஊருக்குள் நுழைவதற்குள் ஊரே சவுக்குத் தோப்புக்குள் காணாமல் போயிருக்கும். பானை போன இடம் தெரியாது. எஸ்.ஐ. எதுவும் நடக்காதது மாதிரி, “சரி, திருப்பு” என்பார்.

நல்லவர் என்று நம்பின மனுஷன் இப்படியா? துரைக்கண்ணுவுக்கு மனசே விட்டுப் போயிற்று.

“மேல சொல்லிட்டேன்டா” என்றார் ஏட்டு ஒருநாள். “நாளைக்கு விழுப்புரத்துல சார்மேல விசாரணை. உன்னைக் கேப்பாங்க. கண்டதைக் கண்டபடி சொல்லு. ஆளு வீட்டுக்குப் போயிடுவாரு.”

“சொல்றேங்க” என்றான் துரைக்கண்ணு. சந்தேகமே இல்லாமல்தான் சொன்னான்.

அன்று மத்தியானமே எஸ்.ஐ. திடீரென்று கிளம்பினார். எந்த ஊர் என்று எப்போதும் ஏட்டிடம் சொல்லுவார். இன்று சொல்லவில்லை.

“எந்த ஊருங்க சார்? ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா...” என்று இழுத்தார் ஏட்டு.

“ஏறுங்க ஏட்டய்யா. துரைக்கண்ணு, நான் சொல்ற இடத்துல திரும்பு.”

தடதடவென்று ஜீப் மண்பாதையில் இறங்கியது. ஊருக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் எஸ்.ஐ. நிறுத்தச் சொன்னார். தூரத்தில் பானைகளோடு பொம்பளைகள் தோப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“ஓடறாங்க சார்!” என்று பதறினான் துரைக்கண்ணு.

“ஓடட்டும்ப்பா. வயித்துப் பொழைப்புக்கு விக்கிறவங்க, பயந்துக்கினு ஓடறாங்க. ஓடாம இருக்கறது யாருன்னு நான் பாக்கணும்.” எஸ்.ஐ. இறங்கிக்கொண்டார். “நீங்க நேரா போய் அந்த மச்சு வீட்டு வாசல்ல நிறுத்துங்க. நான் கொல்லை வழியா வர்றேன்.”

மச்சு வீடு மல்லாட்டைக் கடலை வியாபாரி பெரியதம்பியுடையது. ஊர்ப் பெரிய மனுஷர், கோயில் தர்மகர்த்தா. அவர் வீட்டில் இதுவரை ஒரு சொட்டுச் சாராயம்கூடச் சிக்கியதில்லை.

வாசலில் ஜீப்பை நிறுத்தினான் துரைக்கண்ணு.

முற்றம் முழுக்கச் சாராய டியூப்கள். ஆட்கள் அவசரமே இல்லாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாய்வு நாற்காலியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியதம்பி ஜீப்பைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்து ஓடிவந்தார். நேராக ஏட்டிடம்தான் வந்தார்.

“இன்னா ஏட்டய்யா இப்படிப் பேஜாரு பண்றீங்க? சத்தம் அப்பவே கேட்டுச்சு. எப்பவும் முன்னாடியே ஆள் அனுப்பிச் சொல்லிடுவீங்களே, இன்னிக்குச் சொல்லலியே, அதனால ஜீப்பு வேற ஊருக்குப் போவுதுன்னுல்ல நினைச்சிக்கினு இருந்தேன்!”

ஏட்டின் முகத்தில் ஈயாடவில்லை. துரைக்கண்ணு அவரைத் திரும்பிப் பார்த்தான். இந்த மனுஷர் பேச்சைக் கேட்டா எஸ்.ஐ.யின் வேலைக்கே உலை வைக்க இருந்தோம்?

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு எஸ்.ஐ. வந்தார். அவர் ஏட்டைப் பார்க்கவில்லை. துரைக்கண்ணுவின் தோளில் கை வைத்தார்.

“நாளைக்கு விழுப்புரத்துல என்மேல விசாரணையாமே. கண்டதைக் கண்டபடி சொல்லுப்பா.”