மயிலிறகின் ஒத்திகை

"உங்கள நாங்க லெட் கோ பண்றோம்" என்றார் மேலாளர், துக்க வீட்டுக்குள் நுழைகிறவரின் குரலில்.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த உதவியாளர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா அழும்மா. ஸ்டோர் மாமா இப்படி அடக்கமா அழமாட்டாரு."

பம்பு உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அவர் வேலை. சேர்த்தது எப்போதோ, இப்போதெல்லாம் அனுப்புவதுதான். தடவிக் கொடுத்தபடியே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார் என்பதால், ஊழியர்கள் அவருக்கு 'மயிலிறகு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த மயிலிறகுக்கும் ஒருமுறை சறுக்கியது. வேலை போன லேத் ஆபரேட்டர் ஒருவர் வரவேற்பறையில் உட்கார்ந்து, வந்திருந்த வாடிக்கையாளர்கள் முன்னால் வாய்விட்டு அழுதுவிட்டார். "இனிமே ஒரு சத்தம் வெளிய கேட்டுச்சு, உங்க நாற்காலிக்கு நான் பொறுப்பில்ல" என்றார் எம்.டி.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இங்கிலீஷ் வகுப்பு. வினைச்சொல்லோடு சின்னச் சொல் ஒட்டிக்கொள்வதை மட்டும் விழுந்து விழுந்து படித்தார். ஸ்டோரைக் கவனிக்கும், எல்லோரும் மாமா என்று கூப்பிடும் பெரியவரின் முறை இன்று மதியம். ஒரு ஆளைக் குறைக்க வேண்டும் என்று எம்.டி. சொன்னதும், அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவரும் மேலாளர்தான்.

"கட்னா என்ன?"

"வெட்டு சார்."

"கட் பேக்னு சொல்லிப் பாரு. பக்கத்துல ஒரு சின்ன வார்த்தைதான் உக்காந்திருக்கு. ரத்தமே தெரியல பாத்தியா? கோன்னா போ. லெட் கோன்னா, அவரு போகத் துடிச்ச மாதிரியும், நாம பெரிய மனசு பண்ணி விட்ட மாதிரியும் ஆயிடும். போஸ்ட்டையே எடுக்கறோம்னு சொல்லாம, ஃபேஸ் அவுட் பண்றோம்னு சொல்லணும்."

"மாமா வீட்டுக்குப் போய் அத்தைகிட்ட என்ன சார் சொல்வாரு? நான் ஃபேஸ் அவுட் ஆயிட்டேன்னா அவங்களுக்குப் புரியுமா?"

"உடனே புரியக்கூடாதுன்னுதானேம்மா இங்கிலீஷ்ல சொல்றோம்! அவங்க அர்த்தம் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நம்ம ஆபீஸ் பூட்டியிருக்கும்." அவர் சிரித்தார். "ஏன், நாம மட்டும் செத்துட்டாருன்னா சொல்றோம்? தவறிட்டாருன்னுதானே சொல்றோம்?"

"எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் சார் சொன்னாங்க" என்றாள் அவள். "எப்படிச் சொன்னா என்ன, ஆள் வரலையே."

பேச்சை மாற்றத் தோதாக, அவள் காலடியில் இருந்த காலி அட்டைப்பெட்டி அவர் கண்ணில் பட்டது. காலையில் எம்.டி. கூப்பிட்டார் என்று மாடிக்குப் போய், தாமதமாகத் திரும்பியவள் கையோடு கொண்டுவந்தது.

"இது எதுக்கு?"

"சாமான் எடுத்து வைக்க, சார்."

"பலே! நான்கூட இத யோசிக்கல." அவருக்கு உற்சாகம் பொங்கியது. "சரி, இடம் மாறுவோம். நீ நானா இரு. நான் அந்தப் பக்கம் உக்கார்றேன்."

"கண்டிப்பா வேணுமா சார்?"

"அட, கூச்சப்படாதம்மா. என்னையே மிஞ்சிக் காட்டு பாப்போம்."

அவள் எழுந்து, அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு சுற்றிவந்து, அதைக் காலடியில் வைத்துவிட்டு அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் எதிர் நாற்காலியில் அமர்ந்தார். அது தன்னுடையதைவிடத் தாழ்வு, ஒரு கால் ஆடுகிறது என்பதெல்லாம் இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். காகிதக் கைக்குட்டையை உருவி வைத்தாள். சொல்லிக்கொடுத்த வரிசை ஒன்றும் பிசகவில்லை.

"கம்பெனி செலவ கட் பேக் பண்றோம், சார். உங்க போஸ்ட்ட ஃபேஸ் அவுட் பண்றோம். இத்தன வருஷம் உழைச்சிருக்கீங்க. இனிமே நீங்க மூவ் ஆன் பண்ணணும்."

"ஐயோ, இந்த வயசுல நான் எங்க போவேன்?" என்று அவர் மார்பில் கை வைத்தார். அழுகை வருவதற்காக, மாமாவின் வீட்டை விட்டுவிட்டுத் தன் வீட்டையே நினைத்துப் பார்த்தார். பாதி கட்டி நிற்கும் மாடி. காலேஜில் சேர்ந்திருக்கும் மகள். "வீட்ல என்னன்னு சொல்வேன்?"

நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஆள் அழும்போது குறுக்கே பேசக்கூடாது என்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கைதட்டினார்.

"பிரமாதம்! எனக்கே நெஞ்ச அடைச்சிடுச்சு, போ. ஒரே ஒரு குறை. ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் நீ மாமான்னு ஒரு வார்த்தை சொல்லலையே? உரிமையோட கூப்பிட்டாத்தானே அந்த மனுஷன் சத்தம் போடாம போவாரு!"

அவள் எழுந்திருக்கவில்லை. குனிந்து, காலி அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து, மெல்ல அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"மாமா எங்கயும் போகல, சார்."