மூன்றாவது கன்வர்ட்டர்

"தொழில் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்க. மூணு வாரமா எங்க உசிரை எடுக்காதீங்க."

கதவைத் திறந்ததும் அந்த வீட்டம்மா சொன்னது இது. மெக்கானிக் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், போன தடவை புதுசாவே மாத்திக் கொடுத்தேனே."

"புதுசும் சடசடங்குது. உள்ள வந்து நீங்களே கேளுங்க."

ஜன்னல் மூடிய சின்ன அறையில் அவள் கணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்வையில்லாதவர்களுக்கான ஒலிப் புத்தகங்களைச் சுத்தம் செய்வது அவர் வேலை. யாரோ படித்துப் பதிவு செய்ததிலிருந்து இருமலையும், எச்சில் விழுங்குவதையும், நாற்காலி கிறீச்சிடுவதையும் தேடித் தேடி எடுப்பார். முப்பது வருடமாக அதில்தான் குடும்பம் ஓடுகிறது.

லேப்டாப்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒலியை ஹெட்போனுக்கு மாற்றிக் கொடுக்கும் யுஎஸ்பி கன்வர்ட்டர். இது மூன்றாவது.

"வாங்க தம்பி. இடது பக்கம்தான். சருகு மேல யாரோ நடக்கற மாதிரி இருக்கு."

மெக்கானிக் அதை லேப்டாப்பின் வேறு துளையில் சொருகினான்.

"இப்ப சார்?"

"நடக்கறாங்க."

நடுவிலிருந்த ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சொருகினான். சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டினான். வயரை மாற்றினான். செட்டிங்ஸுக்குள் போய் பஃபரைக் கூட்டினான், குறைத்தான்.

"இப்ப?"

"அப்படியேதான்."

மெக்கானிக் தன் காதில் மாட்டிக் கேட்டான். ஒரு பெண் குரல் ஏதோ கதை படித்துக்கொண்டிருந்தது. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்."

"இங்க கொடுங்க." வீட்டம்மா பிடுங்கி மாட்டிக்கொண்டாள். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. "எனக்கு நல்லாவே கேக்குது. முதல்ல உங்க காதைப் போய் யார்கிட்டயாவது காட்டுங்க."

"விடும்மா. விரட்டிட்டா அப்புறம் இவரும் வரமாட்டார்."

"வரலைன்னா போகட்டும். நேத்து ஒரே பக்கத்தைப் பதினோரு தடவை ஓட்டினீங்க. ஆபீஸ்ல சுத்தமாயில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாம் யாரால? இவர் கொடுத்த டப்பாவால!"

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. தன் லேப்டாப்பை எடுத்தான். கன்வர்ட்டரிலிருந்து வெளியே வருவதை ஒரு நிமிடம் அதில் பதிவு செய்தான். குரல் எழும்பும் இடங்களில் கோடு குன்று குன்றாக ஏறி இறங்கியது. குரல் நிற்கும் இடங்களில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகக் கிடந்தது.

"பாருங்க சார். சடசடப்பு இருந்தா இங்க முள்ளு முள்ளா நிக்கணும்."

கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த நேர்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோட்டைப் பார்த்து என்ன ஆகப்போகுது? காதால கேக்கறவர் சொல்றார். கூட நானும் சொல்றேன்" என்றாள் அவள். "நீங்க கொஞ்சம் வெளிய வாங்க. உங்ககிட்ட தனியா நாலு வார்த்தை கேக்கணும்."

படிக்கட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். அவன் அடுத்த வசவுக்குத் தயாராக நின்றான். அவள் மேல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க டப்பால ஒண்ணுமில்ல."

"மேடம்?"

"எனக்கும் ஒண்ணும் கேக்கல. ஒரு நாளும் கேட்டதில்ல."

அவன் ஒரு படி இறங்கி அவளுக்கு நேராக நின்றான்.

"அவருக்குக் காது நரம்புல கோளாறு. ரிப்போர்ட்டை நான்தான் போய் வாங்கினேன். அழுக்கு சேர்ந்திருக்கு, சொட்டு மருந்துல போயிடும்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இடது போயிட்டே இருக்கு. அடுத்து வலதும் போயிடுமாம். வைத்தியம் கிடையாதாம்."

"எவ்வளவு நாள்ல...?"

"அதையும் சொல்லத் தெரியல அவங்களுக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டப்பாதான் கெட்டிருக்குன்னா தெம்பா உக்காந்து வேலை செய்யறார். காதுன்னு தெரிஞ்சா அந்த நாற்காலியில ஒரு நாள் உக்காரமாட்டார். கையில இருக்கற புத்தகத்தையாவது முடிக்கட்டும். உங்களைத் திட்டலைன்னா அவர் நம்பமாட்டார் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவாயில்லைங்க."

"ரிப்பேருக்குன்னு எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் இதையே கொண்டாந்து வேறன்னு கொடுங்க."

அவன் பையை எடுக்க உள்ளே போனான். முகம் தெளியட்டும் என்று அவள் படியிலேயே இருந்தாள்.

கணவர் கன்வர்ட்டரைக் கழற்றி, வயரை வட்டமாகச் சுற்றி, உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"ரொம்பத் திட்டிட்டாளா?"

"அதெல்லாம் இல்ல சார். எடுத்துட்டுப் போய் சரி பண்ணிடறேன்."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். உறையை அவன் கையில் வைத்துவிட்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"எப்பக் கூப்பிட்டாலும் வாங்க தம்பி. வந்து நாலு திட்டு வாங்கிட்டுப் போங்க. எனக்கு எதுவும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கற வரைக்கும்தான் அவ சாப்பிடுவா, தூங்குவா."

"சார்... உங்களுக்கு எப்படி...?"

"முதல்முதல்ல ஒரு நாள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கிட்டு, 'ஆமாங்க, எனக்கும் கேக்குது'ன்னு சொன்னா. அன்னிக்கு நான் டப்பாவை லேப்டாப்புல சொருகவே இல்ல."