எலுமிச்சை இலையில் வட்டப் புள்ளி

"எலுமிச்சை இலையெல்லாம் வட்டம் வட்டமாப் புள்ளி மேடம். ஓரமெல்லாம் சிவந்திருக்கு" என்றான் அந்த இளைஞன்.

தாவர நோய் ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு இலையைப் பறிச்சுட்டு வந்திருக்கலாமே?"

"பறிக்க முடியல மேடம்."

"பூஞ்சைதான். பூண்டையும் பட்டையையும் கொதிக்க வெச்சு வடிகட்டி, ஆறினதும் நல்லா நனையத் தெளிங்க."

மறுவாரம் அவன் வந்தபோது அறை முழுக்கப் பூண்டு வாடை.

"அடங்கல மேடம். இன்னும் பரவுது."

"அப்ப யோசிக்கவே வேண்டாம். நோய் வந்த கிளையை வெட்டி எரிச்சிடுங்க."

அவன் முழுக்கைச் சட்டையின் கையை மெல்ல மேலே சுருட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை படர்தாமரை.

ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தோல் டாக்டர்கிட்ட போறதுக்கு என்னப்பா?"

"ஊருக்கே ஒரே தோல் டாக்டர்தான் மேடம். அடுத்த மாசம் அவர் எனக்கு மாமனார்."