மணிக்கட்டுத் தாளம்

“ஹிப்-ஹாப் அமெரிக்கக் கவிதைக்கு என்னம்மா செஞ்சுது? புத்தக மொழியில வேண்டாம், உன் மொழியில சொல்லு.”

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கோலப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே ரேஷ்மி. நாகர்கோவில் கல்லூரியொன்றில் அவளுடைய ஆறு வருட ஆய்வுக்கு அன்று வாய்மொழித் தேர்வு. அவர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டால்தான் முனைவர் பட்டம். நெறியாளர் சுயம்புராஜ் காலையிலேயே வந்து, ஜன்னல் வெளிச்சம் தேர்வாளரின் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

“தாள்ல படுத்துக் கிடந்த கவிதையை எழுப்பி நடக்க வச்சுது சார்,” என்றாள் ரேஷ்மி. “இப்போ எழுதுறவங்க வரியைக் கண்ணால பாத்து முறிக்கல்ல. தாள அடி விழுற இடத்துல முறிக்காங்க.”

கோலப்பனுக்கு அது போதவில்லை. தாளத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் நூறு பக்கம் எழுதலாம், ஒரு கவிதையைத் தாளத்தோடு வாசித்துக் காட்டினால் நம்புகிறேன் என்றார்.

ரேஷ்மி மேசையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே வாசித்தாள். மூச்சு நின்ற இடத்தில் ஒரு தட்டு மட்டும் விழுந்தது. அடுத்த சொல் அதன்மேல் வந்து அமர்ந்தது. கோலப்பனின் கால் தன்னையறியாமல் ஆடியது.

“யாரும்மா சொல்லிக் கொடுத்தா?”

அவள் முகம் மலர்ந்தது. அருமனை பஸ், ரப்பர் தோட்டங்களின் நிழல், பக்கத்து இருக்கையில் கூடப் படித்த பிரீனா.

“இயர்போனை மாட்டிட்டு எனக்க மணிக்கட்டுல தட்டிட்டே வருவா சார். நான் புத்தகத்துல உள்ள வரியை அதுல பொருத்திப் பாப்பேன். மூணு வருஷம். ஒருநாளும் சலிச்சுக்கிட்டதில்ல. கல்யாணமாகி மஸ்கட் போன அன்னைக்கும் கையைப் பிடிச்சு ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் வண்டியில ஏறினா. இன்னும் அவளுக்காக தினமும் ஜெபிக்கேன்.”

இயர்போனில் ஒன்றை ரேஷ்மியின் காதுக்கும் கொடுத்திருந்தால் பிரீனாவின் விரலாவது பிழைத்திருக்குமே, சரியான கஞ்சப் பெண் என்று கோலப்பன் கேலி செய்தார்.

“அவளைச் சொல்லாதீங்க சார்,” என்று ரேஷ்மி சிரித்தாள்.

அவரும் சிரித்தபடியே கையெழுத்திட்டார். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பித் தன் பையை எடுத்துக்கொண்டே, மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட நல்ல பாட்டாக நாலு சொல்லும்படி கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பட்டம் கிடைத்த கையோடு மரியாதை போய்விட்டதோ என்று அவர் முகம் சுருங்கியது.

சுயம்புராஜ் அருகில் வந்தார்.

“தப்பா நினைக்காதீங்க சார். நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க, உங்க உதடு அவளுக்குத் தெரியல்ல. பரிதாபப்பட்டு யாரும் பட்டம் தரக் கூடாதுன்னு அவ என்னை உங்ககிட்ட சொல்லவே விடல்ல. பதினோரு வயசுல வந்த காய்ச்சல்ல அவளுக்கு ரெண்டு காதும் போச்சு.”