சித்தியைத் தேடினால் அவர் வருகிறார்

சித்தியின் கடைப் பெயரை அடுத்த தெருக்காரர் திருடிவிட்டார். அதுவும் சித்தியின் வலது கை மாவுக்கட்டில் இருக்கும் நேரம் பார்த்து!

இருவருக்கும் ஒரே தொழில், தையல் மெஷின் பழுது பார்ப்பது. எதிரே வந்தாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

"இங்கே பாரு சித்தி! உன் கடைப் பேரைப் போட்டுத் தேடினா முதல்ல அவரோட இணையப் பக்கம்தான் வருது. எப்படின்னு உள்ளே புகுந்து பார்த்தேன். மெட்டா டேக்ல, கீவேர்டுன்னு தேடுபொறிக்காக மறைவா எழுதி வைப்பாங்களே, அதுல உன் கடைப் பேர்! கையும் களவுமா பிடிச்சுட்டேன்!"

கணினி படிக்கும் அக்கா மகளுக்கு மூச்சு வாங்கியது.

"கட்டுப் பிரிச்சு நான் கடையைத் திறக்கிறப்ப, வர்றதுக்கு ஒரு ஆளாவது மிஞ்சுமாடி?" என்றாள் சித்தி.

அதற்கு மேல் பொறுக்குமா? லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த தெருக் கடையில் அவர் ஒரு மெஷினைச் சாய்த்து வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க பேரை வெச்சு ஆள் பிடிக்கிறீங்களே, வெட்கமா இல்ல?"

"யாரும்மா நீ?"

"கை உடைஞ்சவங்களோட அக்கா பொண்ணு. இதோ, இந்த வரி நீங்க எழுதினதுதானே?"

திரையை எட்டிப் பார்த்தார். "நானேதான். ஒரு பழைய புத்தகத்துல இப்படிப் போடணும்னு இருந்தது."

"அந்தப் பாடம் காலாவதியாயிடுச்சு சார்! மறைச்சு வெச்ச சொல்லைப் பெரிய தேடுபொறியெல்லாம் இப்ப சீந்தறதே இல்ல. திருடறதையாவது ஒழுங்கா கத்துக்கிட்டுத் திருடக் கூடாதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அது சீந்தாத சரக்குன்னா, என் பக்கம் எப்படி முதல்ல வருது?"

"எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி, தேடறவங்களுக்கு வேண்டிய விஷயம் இணையப் பக்கத்துலயே இருந்தா..."

பாதியில் நின்றாள்.

"உள்ளே புகுந்து பார்த்தியே, வெளியே இருந்து ஒரு தடவை பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். உச்சியிலேயே கொட்டை எழுத்தில் சித்தியின் கடைப் பெயர். அதன் கீழே:

'இந்தக் கடையைத் தேடி வந்தீர்களா? மூடிவிடவில்லை. அந்த அம்மாவுக்குக் கையில் அடி. அடுத்த மாதம் திறப்பார். அவசரமில்லாதவர்கள் காத்திருங்கள். அவர் கைப்பக்குவம் எனக்கு வராது.'

"பூட்டைப் பார்த்தவங்க, தொழிலையே விட்டுட்டாங்களான்னு என்கிட்டதான் வந்து கேக்கறாங்க. உங்க சித்திக்குப் பக்கம் செஞ்சு கொடுத்த மேதாவி யாரோ, அதுல இதைப் பத்தி ஒரு வரி போடல."

அதைச் செய்து கொடுத்த மேதாவி லேப்டாப்பை மெல்ல மூடினாள். குரலும் இறங்கிவிட்டது.

"இதனால உங்களுக்குத்தானே சார் நஷ்டம்?"

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கை உடைஞ்சு கிடக்கிறவங்களை ஜெயிச்சேன்னு வெளியில சொல்லிக்க முடியுமாம்மா?"